விளம்பர இடைவேளை

மன்னார்குடி
புரட்டாசி 8

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் சிங்கப்பூரில் பேரப்பிள்ளைகளோடு நலமாக இருப்பாய். தினமும் வாட்ஸ்அப்பில் வணக்கம் போடுகிறவன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். விஷயம் கடைசியில் வருகிறது. அதை டைப் அடித்து அனுப்பக் கூச்சம், போனில் பேச அதைவிடக் கூச்சம்.

முதலில் ஊர் விஷயம். குறுவை அறுப்பு பாதி முடிந்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எல்லோரும் நெல்லை ரோட்டில் கொட்டித் துழாவிக்கொண்டிருக்கிறோம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; மேகத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. எனக்கு முழங்கால் வலி. போதும்.

போன வாரம் நீ அனுப்பிய சேப்பாக்கம் வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். காலேஜுக்குக் கட் அடித்துவிட்டுக் கூத்தாநல்லூரில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். உங்க அத்தா கொண்டுவந்த டிரான்சிஸ்டர், பழுப்புத் தோல் உறை போட்டது, சரியாக மத்தியானத்துக்கு மேல் கம்மத் தொடங்கியது. நீ பேட்டரிக் கட்டை நாலையும் கழற்றி முற்றத்து வெயிலில் காயப் போட்டாய். ஒன்றைக் கடித்துக்கூடப் பார்த்தாய். திரும்பப் போட்டபோது ஆட்டமே வேறு மாதிரி ஆகியிருந்தது. 348 அடிக்க வேண்டும், 347ல் நிற்கிறது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, கிரெக் மாத்யூஸ் போட, நம் கடைசி ஆள் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ என்று அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். ஆட்டம் டை. உள்ளேயிருந்து அத்தா "யாருப்பா ஜெயிச்சா?" என்று கேட்டதும், நீ "யாருமில்லே அத்தா" என்றதும், அவர் "அப்ப எதுக்கு அஞ்சு நாளா கத்துனான்?" என்றதும் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210 பற்றித்தானே நீ ஆரம்பித்தாய். நம் ஊர்க்காரனுக்கே தாங்காத புழுக்கம். அவன் கிரீஸ் ஓரத்தில் வாந்தி எடுக்கிறான், பேண்ட்டிலேயே சிறுநீர் போகிறது, முடியவில்லை, போகிறேன் என்கிறான். கேப்டன் ஆலன் பார்டர் குயின்ஸ்லாந்துக்காரர், இவன் விக்டோரியாக்காரன். சரி போ, குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு கெட்டியான ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம். ரோஷத்தில் நின்று 330 பந்து ஆடினான். அப்புறம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். மறுவருஷம் உலகக் கோப்பை, அதே சேப்பாக்கம். அவன் அடித்த ஒரு பந்தை முதலில் நாலு என்றார்கள், இடைவேளையில் ஆறாக்கினார்கள், கபில்தேவும் சரி என்றார். கடைசியில் நாம் தோற்றது ஒரு ரன்னில். அன்றும் கடைசியாக அவுட் ஆனது மணிந்தர்தான், பாவம்.

வாய் மட்டும் அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் முந்திக்கொள்ளும். 1993ல் சிட்னியில், வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்துக்காரர் கர்ட்லி ஆம்ப்ரோஸின் கையில் இருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றச் சொன்னான், பந்து தெரியவில்லையாம். சும்மா பந்து போட்டுக்கொண்டிருந்த மனுஷனைச் சீண்டியாயிற்று. அன்று ஆம்ப்ரோஸ் எடுத்தது 32 ரன்னுக்கு 5 விக்கெட். ஆட்டத்தில் அது நல்ல வேடிக்கை. அதே வாயைச் சம்பளம் கொடுத்து மைக் முன்னால் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

52 டெஸ்ட் ஆடினான், சராசரி 46க்கு மேல். ஆனாலும் 31 வயதிலேயே டெஸ்ட் அணியில் இடம் போய்விட்டது. அப்புறம்தான் டிவி. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் மாட்டிக்கொண்டு புரொபசர் டீனோ என்று நம் ஊர் சேனலில் பாடம் நடத்துவானே, நீ ரசித்துப் பார்ப்பாய். எனக்கு அந்தக் கூத்து அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் பந்து எங்கே விழுந்தால் கால் எங்கே போக வேண்டும் என்று அவன் சொல்லும்போது மறுக்க முடியாது.

2006 ஆகஸ்ட், கொழும்பு. தென்னாப்பிரிக்கா இலங்கை டெஸ்ட். இலங்கையின் சங்கக்காரா அடித்ததை, தாடி வைத்த தென்னாப்பிரிக்க முஸ்லிம் ஆட்டக்காரன் ஹஷிம் ஆம்லா பிடித்தான். வர்ணனை மைக்கில் இருந்த ஜோன்ஸ், விளம்பரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தீவிரவாதிக்கு இன்னொரு விக்கெட் என்றான். தென்னாப்பிரிக்காவில் விளம்பரம் போகவில்லை, அத்தனை வீட்டிலும் கேட்டுவிட்டது. டென் ஸ்போர்ட்ஸ் சேனல் உடனே வேலையை விட்டுத் தூக்கியது. அவனும் மன்னிப்புக் கேட்டுவிட்டு விமானம் ஏறினான். ஆம்லா மன்னித்தான். சாராயக் கம்பெனி முத்திரை வேண்டாமென்று சட்டையில் போடாமலே ஆடியவன், தாடியோடேயே 2012ல் ஓவலில் 311 அடித்தான். தென்னாப்பிரிக்காவின் முதல் முச்சதம்.

அதற்கப்புறம் ஜோன்ஸ் போன இடங்களைப் பார். பாகிஸ்தான் லீகில் இஸ்லாமாபாத் அணிக்குக் கோச், 2016லும் 2018லும் கோப்பை. நடுவில் ஆப்கானிஸ்தானுக்குக் கொஞ்ச நாள். கடைசியாகப் பாகிஸ்தான் லீகிலேயே கராச்சி அணி. பரிகாரமாகப் போனானா, வேலை கிடைத்த இடத்துக்குப் போனானா, யார் கண்டது. 2020ல் இதே செப்டம்பர் 24, ஐபிஎல் வர்ணனைக்காக மும்பை ஹோட்டலில் அடைபட்டிருந்தபோது மாரடைப்பு. கூட இருந்த ஆஸ்திரேலியாவின் பழைய பவுலர் பிரெட் லீ நெஞ்சை அழுத்திப் பார்த்தும் பிழைக்கவில்லை. அவனுக்கு 59 வயது; இப்போது நமக்கு அதைவிட ஒன்றிரண்டு வருஷம் கூட. அந்த வருஷம் கராச்சிதான் கோப்பையை வென்றது, அவன் இல்லாமல். அதே வருஷம் டிசம்பரில் வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரும் போனார். நமக்குத் தமிழில் கிரிக்கெட் கேட்கக் கற்றுக்கொடுத்த குரல். உங்க அத்தா கிரிக்கெட் புரியாமலே அவர் தமிழுக்காக உட்கார்ந்து கேட்பார்.

வீடியோவுக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "210 மறந்துபோகும் போலிருக்கு, அவன் ஆம்லாவைச் சொன்னது மட்டும் மறக்க மாட்டேங்குது. நீ என்ன நினைக்கிறே?" ஒரு வாரமாக அதற்குத்தான் பதில் போடாமல் இருக்கிறேன்.

வைகாசியில் நம் செட்டில் ஒருவன் மகள் கல்யாணம், உனக்குத் தெரியும். நீ அப்போதுதான் மக்காவில் உம்ரா முடித்து, மொட்டைத் தலையும் வெள்ளைத் தாடியுமாகக் குரூப்பில் போட்டோ போட்டிருந்தாய். பந்தி முடிந்து மண்டப வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தன் போனை நீட்டி, உன்னைப் பற்றி ஜோன்ஸ் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னான். அவனும் தமாஷுக்குத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாப்ளே. ஒப்புக்கு இல்லை, வெற்றிலைச் சாறு வேட்டியில் தெறிக்கிற அளவுக்குச் சிரித்தேன். அன்று ராத்திரியே உன் போட்டோவுக்குக் கீழே "மாஷா அல்லாஹ், கலக்குறே" என்று போட்டேன்.

எங்கள் பக்கத்தில் மைக் எதுவும் இல்லை. உனக்குத் தெரியவும் தெரியாது. கொழும்பில் அன்று விளம்பரம் ஒழுங்காக ஓடியிருந்தால், ஜோன்ஸும் மத்தியானம் ஆம்லாவிடம் கைகொடுத்துப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பான். அவனைப் பற்றி என்னிடம் நீ கருத்துக் கேட்டால் நான் எந்த வாயால் சொல்வது?

சொன்னவன் யார் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். சிரித்தவர்களில் நான் ஒருத்தன், அது உனக்குத் தெரிந்தால் போதும்.

தை மாதம் வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டதும் தேதி சொல். கூத்தாநல்லூர் போய்த் தம்ரூட் இனிப்பு வாங்கி வைக்கிறேன், நீ நம் வீட்டுக்கு வருவதாக இருந்தால்.

உன்
மச்சான்