எங்களுக்குத் தனியாக அரை

பெர்கன், நார்வே
பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அப்பத்தா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறதா?

போன வருஷம் கொடுத்துவிட்ட குழம்புத்தூள் தீர்ந்ததா, அடுத்தது அரைக்கவா என்று கேட்டாய். போனில் மழுப்பிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. நீ மூன்று கரண்டி போடுகிற குழம்புக்கு நான் அரை ஸ்பூன் போடுகிறேன். அதற்கே இங்கே கண்ணீர்.

பெரியவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்க வேண்டும். மீன் துண்டை அதில் முக்குவாள், இரண்டு விரலால் மசாலாவை வழித்துவிடுவாள், முள் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், இன்னொரு முக்கு. அப்புறம்தான் வாய்க்குப் போகும். சாப்பிட்டு எழும்போது கிண்ணத்தில் சிவப்பு எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதக்கும். அக்காவைப் பார்த்துச் சின்னவனும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டான். ரசம்சோற்றை எப்படி அலசுவது என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

உன் மருமகன் இரண்டு பேரையும் கிண்டல் செய்வார். அவர் மட்டும் யோக்கியமா? பரமக்குடிக்காரர், மிளகாய் மூட்டைக்கு நடுவில் வளர்ந்தவர் என்றுதானே பெண் கொடுத்தீர்கள்! 2023-இல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆபீஸ் முழுக்கச் சொல்லி மார்தட்டினவர். ஆறு வருஷம் மத்தியானம் ரொட்டியும் பழுப்புச் சீஸும் தின்றதில் எல்லாம் போயிற்று. போன ஞாயிறு நண்டுக் குழம்புக்கு விக்கல் பிடித்து, தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். செய்தது சரிதான். மிளகாய்க் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவுவதுதான் மிச்சம். பாலும் தயிரும்தான் அதை இழுத்துக்கொண்டு போகும். நம் ஊரில் பழுத்த மிளகாயைக் கிளி கொத்திக்கொண்டு போகுமே, பறவைகளுக்கு அந்த எரிச்சலே தெரியாதாம். கொடுத்துவைத்தவை.

மீனுக்கு இங்கே பஞ்சமில்லை. இப்போது காட் மீன் காலம். வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, உருளைக்கிழங்கோடும் உருக்கின வெண்ணெயோடும் சாப்பிடுகிறார்கள். முதல் வருஷம் நோயாளிச் சாப்பாடு என்று சிரித்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கிறது. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் இதே மீனை உப்புகூடப் போடாமல் மரச்சட்டங்களில் கட்டித் தொங்கவிட்டு, மாசக்கணக்கில் குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். கருவாடுதானே என்று ஒன்று வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். விறகுக்கட்டை! ஒரு வாரம் ஊறவைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மா அப்புறம்தான் சொன்னார்.

ஃபோரிகோல் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் அடுக்கடுக்காக வைத்து, முழு மிளகு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. இந்த நாட்டின் தேசிய உணவு என்கிறார்கள். பிள்ளைகள் அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், மிளகைக் கடித்தாலும் முகம் சுளிப்பதில்லை. "நாக்குச் செத்த பிள்ளைகள்" என்று அப்பத்தா சொன்னால் நீ இதைச் சொல்: மிளகாய் போர்த்துகீசியர் கப்பலில் வந்த சரக்கு. அதற்கு முன்னால் தொண்டியில் யார் வீட்டிலும் மிளகாய் கிடையாது, காரமென்றால் மிளகுதான். பெரியவளைப் பெற்று நான் கிடந்தபோது மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு அப்பத்தா பால்சுறாப் புட்டு செய்து தந்ததே, அந்தப் பக்குவம் போதும் இவர்களுக்கு.

மாசி பிறந்துவிட்டது, மிளகாய் வரத்துத் தொடங்கியிருக்கும். இந்தத் தடவை எங்களுக்குத் தனியாக அரை. கால் கிலோ மிளகாய்க்கு ஒன்றரைக் கிலோ மல்லி, மிளகும் சீரகமும் கொஞ்சம் கூட. காம்பு கிள்ளும்போது விதையை உதிர்த்தால் மட்டும் போதாது. விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நாரில்தான் காரமே இருக்கிறது, அதையும் வழித்துவிடு. இதற்குச் செங்கல்லை அரைக்கலாமே என்று அப்பத்தா சொல்லும். சொல்லட்டும்.

ஜூன் கடைசியில் பள்ளிக்கு லீவு விட்டதும் வருகிறோம். சித்தப்பா வீட்டில் யாரும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்காமல் பார்த்துக்கொள். உன் மருமகனுக்குத் தயிர் இருந்தால் போதும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது தண்ணீர்க் கிண்ணம் மட்டும் மூன்று எடுத்து வை. மூன்றாவது யாருக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்காதே.

உன் அன்பு மகள்