மேற்குக்கு ஒரு வேலி, ரோட்டுக்கு ஒரு வேலி

காங்கேயம்,
ஆவணி 10

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். படத்தில் மொட்டை யாருக்கு அடித்தது, தாத்தாவுக்கா பேத்திக்கா என்று இவள் கேட்கிறாள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

ஆனிக் காற்றில் வாழை சாய்ந்ததை எழுதியிருந்தாய். தார் போட்ட மரம் நடுவில் முறிந்து கிடந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். சென்னையிலேயே காலம் தள்ளியவனுக்கு உடுமலைக் காற்று புதிது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து உங்கள் பக்கம் வந்துதான் விரிகிறது. காற்றாலைக்காரர்கள் சும்மாவா அங்கே வந்து இடம் பிடித்தார்கள்?

ரோட்டில் போகிறவர்கள் வீட்டுத் திண்ணையைப் பார்க்கக்கூடாது, காற்றும் நிற்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே செடி சொல் என்கிறாய். அப்படி ஒன்று இல்லையடா. பார்வையை மறைக்க நெருக்கம் வேண்டும். காற்றுக்கு நெருக்கம் ஆகாது. மேற்கே எட்டடிக்கு காம்பவுண்டு சுவர் கட்டிய ஒரு தோட்டத்தில் ஆடி மாதம் போய் நின்று பார்த்திருக்கிறேன். சுவரை ஒட்டி இலை அசையவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் காற்று சுவரைத் தாண்டிக் குப்புற விழுந்து, சருகையும் மண்ணையும் சுருட்டிக்கொண்டு சுழல்கிறது. வாழையிலை நார் நாராகக் கிழிந்திருந்தது. காற்றில் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற சல்லடைதான் நல்ல தடுப்பு. அப்படி அமைந்தால் மரத்தின் உயரத்தைப் போல பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும். 25 அடி மரம் 250 அடியைக் காக்கும். உன் இரண்டு ஏக்கரில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும்.

அதனால் மேற்கு வரப்பில் தெற்கு வடக்காகச் சவுக்கு வை. இரண்டு வரிசை போதும். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் மரம் வரட்டும். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தில் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்கள் உண்டு, விசாரித்துக்கொள். சவுக்கு வளர வளர அடிப்பக்கம் மொட்டையாகி, காற்று கீழே புகுந்து வரும். அதை அடைக்கச் சவுக்கு வரிசைக்கு முன்னால் நொச்சியோ ஆடாதோடையோ ஒரு வரிசை போட்டுவிடு. இரண்டையும் ஆடு சீண்டாது. வண்டி போக நடுவில் சந்து விடாதே. அடைபட்ட காற்று முழுக்க அந்தச் சந்தில்தான் பாயும். வழியை வடக்கு மூலையில் வைத்துக்கொள். வாழைக்கும் சவுக்குக்கும் நடுவே பத்தடி விட்டு, இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வை. இல்லாவிட்டால் வாழைக்கு விடுகிற தண்ணீரைச் சவுக்கு வேர் குடித்துவிடும். பின்னால் வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கழிக்கும் அலைய வேண்டாம், சவுக்கே தரும்.

ரோட்டுப் பக்கம் வேறு கணக்கு. நர்சரியில் கோனோகார்பஸ் தருகிறேன் என்றார்களாமே, ஆறே மாதத்தில் சுவர் மாதிரி நிற்கும் என்று? 2025இல் தமிழக அரசு தடை போட்ட செடி அது. வேண்டவே வேண்டாம். கொம்புக்கள்ளியும் தங்க அரளியும் கூட வேண்டாம். கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு, அரளிக் கொட்டை விஷம். பேத்தி ஓடியாடுகிற வீடு.

மருதாணி வை. தண்ணீர் அதிகம் கேட்காது, வெட்ட வெட்ட அடர்ந்து வரும், பூத்தால் தெருவே மணக்கும். முழங்கால் உயரம் வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு தடவை நுனியை வெட்டு. அப்போதுதான் அடியிலிருந்து கிளைக்கும். உயரம் வரட்டும் என்று விட்டால் கீழே எல்லாம் தெரியும். முள் வேண்டுமானால் நடுநடுவே கொடுக்காப்புளி போடு. பழத்துக்குக் கிளியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

தெற்கே மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய எல்லைக்கு நம்மூர்க் கிளுவைதான். எங்கள் பக்கம் கொரங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம் முழுக்க அந்த வேலிதான், தாத்தா காலத்தில் வைத்தது இன்னும் மாட்டைத் தடுக்கிறது. பட்டை கடுதாசி மாதிரி உரியும், கிளை நுனியே முள்ளாக முடியும், ஒடித்தால் பிசின் வாசம். கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும், அதனால்தான் ரோட்டுப் பக்கத்துக்குச் சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்காதே. எங்கள் வேலியைக் கழிக்கும்போது கட்டைவிரல் தடிமனில் போத்து, அதாவது ஊன்றினால் வேர் பிடிக்கிற கிளைத் துண்டு, வெட்டி ஏற்றி அனுப்புகிறேன். புரட்டாசி மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றிவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். குறுக்கே மூங்கிலைப் பிளந்த பப்பையை வைத்துக் கட்டு, சாயாது.

மேற்கே பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடு. நிழல் விழுகிறது, வேர் வருகிறது என்று நாளைக்குப் பேச்சு வரும். இப்போதே காபி குடித்துக்கொண்டே பேசிவிடலாம்.

தெற்கு எல்லை எத்தனை அடி என்று அளந்து எழுது, அதற்குத் தக்கபடி போத்து வெட்டச் சொல்கிறேன். அப்படியே மேற்கு வரப்புக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுது. போனால் சவுக்கை உள்ளே தள்ளித்தான் நட வேண்டும்.

அன்புடன்,
பழனிச்சாமி