ஆங்கில விளையாட்டில் குழந்தை வாய் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்க விளையாட்டுகளும் கைப்பேசிச் செயலிகளும் பெருகிவருவதை, பல ஆண்டுகள் ஆங்கில வகுப்பெடுத்தவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். ஆனால் எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நாம் இன்னும் கண்டிப்பு காட்ட வேண்டும்.

விளையாட்டு வழியாகக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணியுமாகச் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் ஆடியும் பாடியும் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் கற்கிறார்கள். இவற்றோடு இப்போது பாடநூலின் க்யூஆர் குறியீடும் ஸ்மார்ட் போர்டும் சேர்ந்திருக்கின்றன.

செயலிகளில் உள்ள பெரும்பாலான ஆங்கில விளையாட்டுகள், படத்தைப் பார்த்து அதற்குரிய சொல்லைத் தொடும் வகையைச் சேர்ந்தவை. சரியாகத் தொட்டால் நட்சத்திரம் கிடைக்கும். தவறினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி ஆடலாம். கூச்சப்படும் குழந்தைக்கு இது பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஐம்பது சொற்களைப் பிழையின்றித் தொட்டு முடித்த குழந்தை அந்நேரம் முழுவதும் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்காமல் இருந்திருக்கலாம். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத ஊர்களில், பேசிப் பழகக் கிடைப்பது அந்த ஒரு பாடவேளை மட்டுமே. அதையும் மௌனமாகக் கழிக்கவிடுவது அநியாயம்.

ஒரே ஒரு திரையைக் கொண்டே இதை மாற்றலாம். ஒரு மாணவியைப் பலகைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, திரையில் ஒரு படத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லாமல் நிறம், அளவு, பயன் ஆகியவற்றை மற்றவர்கள் ஆங்கிலத்தில் விளக்க, அவள் கண்டுபிடிக்கட்டும். சிறு வேறுபாடுகள் உள்ள இரு படங்களை இருவருக்குக் கொடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல் கேள்வி கேட்டே வேறுபாடுகளைக் கண்டறியச் செய்யலாம். பரமபதத்தில்கூட ஒரு வாக்கியம் சொன்னால்தான் ஏணி ஏறலாம் என்று விதி வைக்கலாம். இவற்றில் பேசாமல் ஆட்டம் நகராது. ஆட்டம் நகர வேண்டும் என்ற ஆசையே தயக்கத்தைப் போக்கிவிடும்.

கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதியை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து. பின் (pin), பின் (bin) என்று தமிழில் ஒரேபோல் எழுதப்படும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று குண்டூசியையும் மற்றொன்று குப்பைத்தொட்டியையும் குறிக்கும் என்பதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட, குழந்தை தன் குரலைப் பதிந்து, ஆசிரியரின் குரலோடு சேர்த்துக் கேட்டு, தோழி எந்தப் படத்தை எடுக்கிறாள் என்று பார்க்கும்போது ஒலி வேறுபாடு விரைவில் பிடிபடுகிறது. இதற்கு இணைய வசதியும் தேவையில்லை.

செயலியை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பல வீடுகளில் இருக்கும் ஒரே கைப்பேசி, வேலைக்குச் செல்லும் தந்தையோடு போய் இரவில்தான் திரும்புகிறது. அந்தக் குழந்தை மறுநாள் வகுப்பில் பின்தங்கியவள் ஆகிவிடக் கூடாது.

எனவே அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் இத்தகைய விளையாட்டுகளை ஆசிரியர்களே ஆடிப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும் என்றும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இனி ஆங்கிலத்துக்கெனத் தயாரிக்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் குழந்தை குறைந்தது ஒரு முழு வாக்கியமாவது பேசுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்.