பீரங்கி வெடித்த பிறகு பொங்கல்

வார்டோ, நோர்வே
தை மாதம்

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நலம். உங்களுடைய நலத்தையும் அத்தானின் நலத்தையும் அறிய ஆவல். அத்தானுக்குக் கண் வெட்டியது நல்லபடியாக முடிந்துவிட்டது என்று உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. அன்று தொலைபேசியை வைக்கப் போகும் நேரத்தில், "ஒஸ்லோவிலை கோயில் இருக்கு, கடை இருக்கு, எங்கடை சனம் முழுக்க அங்கைதான் இருக்கு, வேலையாலை நிண்ட பிறகாவது அங்கை போய் இருக்காமல் நீ ஏன் அந்த அந்தத்திலை கிடக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தாளும் பேனாவும் எடுத்திருக்கிறேன்.

முதலில் பொங்கலைச் சொல்லிவிடுகிறேன். இந்த முறையும் தைப்பொங்கல் அன்று நாங்கள் பொங்கவில்லை. நவம்பர் பிற்பகுதியில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், இங்கே தை பிறந்து ஐந்தாறு நாள் கழிந்த பின்னர்தான் தலை காட்டும். அந்த இரண்டு மாதமும் ஒரே கும்மிருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனியின்மீது ஒரு நீல வெளிச்சம் படர்ந்து நிற்கும், தெற்கே வானத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு தெரியும், அவ்வளவுதான். இங்கே 1738 இல் கட்டி முடித்த ஒரு சிறிய கோட்டை இருக்கிறது. எட்டு முனைகளுடன் நட்சத்திரம் போன்ற வடிவம் அதற்கு. அதன் மதிலில் நின்று பார்க்கும்போது சூரியனின் முழு வட்டமும் கண்ணுக்குத் தெரியும் நாளில் பீரங்கி வெடிப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. சூரியன் இல்லாமல் யாருக்குப் பொங்குவது என்று, வந்த காலத்தில் நாங்கள் நாலைந்து குடும்பம் கூடிப் பேசி, பீரங்கி வெடிக்கும் நாளே எங்களுக்குப் பொங்கல் என்று வைத்துக்கொண்டோம். இந்த நாட்களில் சூரியன் தோன்றுவதும் மறைவதும் தெற்கிலேயே என்பதால் அடுப்பையும் தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அம்மா இருந்திருந்தால் ஒரு நாளும் விட்டிருக்க மாட்டா.

வெளியே காற்றுக்கு நெருப்பு நிற்காது என்பதால், கார் விடும் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்து உள்ளே எரிவாயு அடுப்பில் பொங்கினோம். போட்ஸ்பியோர்ட் என்ற ஊரிலிருந்து இரண்டு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய ஊருக்கு மலைமேட்டைத் தாண்டிப் போகும் ஒரே வீதியில் பனிப்புயல் என்றால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். காற்றுச் சற்றுத் தணிந்தால், பனி தள்ளும் வண்டி முன்னே போக, கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரணியாகப் போகலாம். அன்று அதுவும் இல்லை. ஆகையால் கரையோரக் கப்பலில் வந்தார்கள். தெற்கே பெர்கனில் புறப்பட்டு வடகிழக்கே கிர்கெனெஸ் வரை ஊர் ஊராகத் தட்டிக்கொண்டு வரும் இந்தக் கப்பல் சேவை 1893 இல் தொடங்கியது. வடக்கு நோக்கி வரும் கப்பல் எங்கள் துறையைத் தொடுவது விடியப்புறம் மூன்று மணிக்கு மேல். அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். ஒஸ்லோவிலிருந்து ஆள் மூலம் தருவித்த மண்பானையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிய நண்பரைக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. அவர் பனிக்கட்டியில் சறுக்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பானை நாலு துண்டு. கடைசியில் எவர்சில்வர்ப் பானையில்தான் பால் பொங்கியது.

இனி ஊரைச் சொல்கிறேன். பின்மார்க் என்ற இந்த மாகாணம் நோர்வேயின் வடகிழக்கு மூலை. பரப்பில் டென்மார்க்கைவிடப் பெரிது. ஆனால் இருப்பவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். எங்கள் வார்டோ இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது என்றால் அத்தான் நம்பமாட்டார். வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது ஒரு தீவு. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம் எப்படியோ, அப்படி இதற்குக் கடலுக்கு அடியால் ஒரு சுரங்கவீதி. 1982 இல் திறந்தது, ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளம், கடல்மட்டத்துக்கு 88 மீற்றர் கீழே இறங்கி ஏறுகிறது. இந்த நாட்டில் கடலுக்கடியால் போட்ட முதல் வீதி இதுதான். அதற்கு முன் எல்லாம் படகுதான். நான் முதல் தடவை அதற்குள்ளால் வந்தபோது, மேலே கடல் இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊர்காவற்றுறைக்கும் எங்களுக்கும் நடுவே தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தீவும் கோட்டையும் பாலமும் வேறு உருவில் இங்கேயும் காத்திருந்தன போலும்.

மரம் மட்டும் இல்லை. காற்று எதையும் எழும்ப விடாது. நான் வந்த காலத்தில் கோட்டைக்குள் ஒரே ஒரு ரோவன் மரம் நின்றது. குளிர்காலம் முழுவதும் அதைக் குழந்தையைப் போலச் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். அதுவும் பிறகு பட்டுப்போயிற்று. நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குளிர் இல்லை. தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை, மார்கழி தையிலும் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு பாகைதான். ஆனால் காற்று! வாடையும் சோளகமும் அறிந்த நமக்கு இதற்கு வைக்கப் பெயர் இல்லை.

நான் 1987 இல் வந்தபோது, பள்ளிக்கூட விசாவில் வந்து தெற்கே படித்துக்கொண்டிருந்த பெடியன்களில் பலர், வேலையும் அதனோடு அனுமதியும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வடக்கே மீன் பட்டறைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் விட்டுப்போன வேலை அது. காரைநகரில் பிறந்தும் ஒரு மீனைச் சரியாக வெட்டத் தெரியாத என்னை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒரு வெள்ளை மேசையின் முன் நிறுத்தினார்கள். தொர்ஸ்க் என்று இவர்கள் சொல்லும் கொட் மீனின் தோல் உரித்த துண்டை அதன்மேல் விரித்தால், முள்ளும் சுருண்டு கிடக்கும் சிறு புழுவும் நிழலாகத் தெரியும்; கத்தி முனையால் அதைக் கிள்ளி எடுத்துவிட்டுத் துண்டை அடுத்த பட்டிக்குத் தள்ள வேண்டும். வெட்டிய கிலோவுக்குச் சம்பளம். முதல் மாதம் இரவில் கண்ணை மூடினாலும் அந்த வெள்ளை வெளிச்சம் போகாது. என் இருபுறமும் நின்ற நோர்வேப் பெண்கள்தான் கத்தி தீட்டவும் மொழி பேசவும் கற்றுத் தந்தார்கள். ஒரு காலத்தில் ரஷ்ய வணிகர் மாவைக் கொண்டுவந்து கொடுத்து மீனை வாங்கிப்போன கரை இது; இரண்டு மொழியையும் கலந்து ஒரு சந்தைப் பேச்சே இங்கு இருந்திருக்கிறது. எங்கள் பட்டறைப் பேச்சும் அதுபோலத்தான், தமிழும் நோர்வேஜியமும் கையசைப்பும்.

1989 சித்திரையில் மீன் குறைந்துபோய்க் கரையோரக் கொட் பிடிப்பை இடையிலேயே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பட்டறைகள் மூடுவதும் திறப்பதும் மறுபடி மூடுவதுமாக இருந்தன. மீனைப் படகிலேயே உறைய வைத்து முழுதாக வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போனார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, கோயில், கலியாணம் எல்லாம் அங்கே. நான் வேலை செய்த இடமும் மூடியது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இடம் கிடைத்தது. வேலையால் நிற்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே ஒரு பாட்டி இருந்தா. மேற்குப் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் பிறந்தவ. 1944 ஒக்டோபர் 28 ஆம் திகதி, பின்வாங்கிப் போகும் ஜேர்மன் படைக்கு, சனத்தைக் கட்டாயமாகக் கிளப்பிவிட்டு எல்லாவற்றையும் எரிக்கும்படி கட்டளை வந்தது. ஏறக்குறைய 50,000 பேரைத் தெற்கே கொண்டுபோனார்கள். மிச்சப்பேர் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் கவிழ்த்த படகுகளுக்குக் கீழும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹொனிங்ஸ்வோக் என்ற ஊரில் தேவாலயம் ஒன்றே எரியாமல் நின்றது. திரும்பி வந்தவர்கள் முதலில் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். பாட்டி அப்போது ஏழு வயதுப் பிள்ளை. அவவுடைய தாய், தையல் இயந்திரத்தை மண்ணில் புதைத்துவிட்டுப் போனாவாம். திரும்பி வந்து தோண்டியபோது அது துருப்பிடித்தும் ஓடியதாம். இதை அவ சொன்னபோது எனக்கு யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 தான் நினைவுக்கு வந்தது. நாட்கணக்கில் இரண்டு நாள் வித்தியாசம், அக்கா. அந்த இரவு மழைக்குள் நீங்கள் அம்மாவின் அம்மியைக் கிணற்றடியில் புதைத்துவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்ததைச் சொன்னேன். பாட்டி, "அம்மி கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டா. ஒஸ்லோவில் என்னிடம் இதைக் கேட்க ஒருவரும் இல்லை.

குறை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஆயிரம் வீடு இருந்தால் அதில் ஆள் இல்லாதவை கண்ணுக்குப் படும். ஊரில் இப்போது ஏறக்குறைய 2,000 பேர்தான். 2012 இல் ஓவியர்கள் வந்து அந்த வெறும் வீடுகளின் சுவர்களில் பெரிய பெரிய படம் வரைந்துவிட்டுப் போனார்கள். பார்க்க அழகு, ஆனால் யன்னலுக்குப் பின்னால் விளக்கு எரியாது. சின்னவள் பிறக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. காற்றால் விமானம் இறங்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் பனி வீதியில் உங்கள் மச்சாளை வைத்துக்கொண்டு போன அந்த இரவை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சின்னவள்தான் இப்போது தாதியாகப் படித்து முடித்துவிட்டு, இங்கிருந்து 75 கிலோமீற்றரில் வாட்சோவில் வேலை செய்கிறாள். இந்த வடக்குப் பகுதியில் வந்து இருப்பவர்களுக்கு 1990 முதல் வருமான வரியில் குறைப்பு உண்டு, படிப்புக் கடனிலும் ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறார்கள். கடனுக்காகத்தான் வந்தேன் என்று அவள் சொல்கிறாள். நான் நம்பவில்லை.

இன்னும் சில நாளில் மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடத் தொடங்குவார்கள். உப்பும் இல்லை, நம்முடையது போன்ற வெயிலும் இல்லை. குளிரும் காற்றும் மட்டுமே அதைக் காய வைக்கும். ஈ வராத காலம் பார்த்துச் செய்யும் கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகள் தனியாக நைஜீரியாவுக்குப் போகும். ரஷ்யர் 1960களில் தங்கள் பக்கத்துக் கடலில் கொண்டுவந்து விட்ட பெரிய சிவப்பு நண்டு இப்போது எங்கள் பக்கத்திலும் பெருகிவிட்டது. ஒரு காலே முழங்கை நீளம். எங்கள் முறையில் தூள் போட்டுக் கறி வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இறக்கும்போது போட முருங்கையிலை இல்லை.

ஆகவே, யாரும் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் நிழலில் காய வைத்த முருங்கையிலை ஒரு பை கொடுத்துவிடுங்கள். மண்பானை வேண்டாம், அது இந்தத் துறைமுகத்தைத் தாண்டாது. மாசிக் கடைசிக்குள் கூரை ஓடு மாற்றப் பணம் அனுப்புகிறேன், அத்தானை ஏணியில் ஏற விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி