சயாமுக்குப் போனவர்கள் பெயர்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முட்டி வலிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காதே, டாக்டரைப் பார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தோட்டத்துக் கோயிலுக்கு அடுத்த வருஷம் கும்பாபிஷேகம். மண்டபச் சுவரில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் பளிங்கில் வெட்டப்போகிறார்கள். பக்கத்தில் இன்னொரு கல் வைப்போம், ஜப்பான்காரன் காலத்தில் நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள் பெயரை எழுதுவோம் என்று கூட்டத்தில் கேட்டேன். "அவங்க என்ன பட்டாளத்துக்காரங்களா? பிடிச்சிட்டுப் போன கூலிங்கதானே" என்றார் ஒருவர். எனக்காகப் பேசியது யார் தெரியுமா? தோட்டத்துக் கணக்கர் கிராணியின் மகன்! சின்ன வயதில் நம்மை என்ன பாடு படுத்தினான்!

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை, மச்சான். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டது. அந்த அவசரத்தில் செத்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். தாய்லாந்தில் காஞ்சனபுரியில் பெயரோடு வரிசையாக அவர்களுக்குக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்கிறார்கள். பட்டாளத்துக்காரனுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கூடவே அவன் டாக்டரும் இருந்தார். நம் ஆட்களுக்குப் பட்டியலும் இல்லை, சொல்லும்படியான வைத்தியமும் இல்லை. வாந்திபேதி வந்தபோது கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள்.

இங்கே தங்கிவிட்ட பெண்களை யார் நினைத்தார்கள்? அரிசி கிடைக்காமல் மரவள்ளி நட்டு, திரும்பாதவன் பிள்ளையையும் தன் பிள்ளையோடு சேர்த்து வளர்த்தார்கள். உன் அப்பாயி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி ஊற்றியதை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர்களும் கல்லில் வரவேண்டும் என்பேன்.

ஈப்போ பக்கம் பாப்பான் என்ற ஊரில் இருந்த சிபில் கார்த்திகேசு அம்மாளை எடுத்துக்கொள். ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படையினருக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார். பிடித்துச் சித்திரவதை செய்தும் காட்டிக்கொடுக்கவில்லை. வீரத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது, ஈப்போவில் அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. எவ்வளவு செய்தாலும் தகும். அவர் எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்று திருப்பிக் கேட்டேன். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் தலைவர், "பெயர்களைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றார். மேல் லயத்தில் பாதி கிடைத்துவிட்டது. கீழ் லயம் முழுக்க உன் அம்மா சொன்னால்தான் உண்டு. மத்தியானம் தூங்கி எழுந்ததும் அவருக்கு ஞாபகம் தெளிவாக இருக்கும், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். தகப்பன் பெயரையும் சேர்த்து வாங்கு, நம் தோட்டத்தில் முனியாண்டிகள் ஏராளம். உன் கோழிக் கிறுக்கல் வேண்டாம், மகளை எழுதச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஞாயிறு மறுபடி கூட்டம்.

அன்புடன்,
செல்வம்