பத்ரா ஆற்றுச் சிப்பிக் கணக்கெடுப்பில் துணைநின்றவர்களுக்கு

மதிப்பிற்குரியவர்களே,

கர்நாடகத்தின் பத்ரா ஆற்றுப் பாறைகளில் வாழும் நன்னீர்ச் சிப்பிகளை மூன்றாவது கோடையாக எண்ணிவிட்டுப் பெங்களூரு திரும்பியிருக்கிறோம். 1898இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான சூடோமுல்லேரியா டாலி என்னும் இச்சிப்பி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. ஓட்டின் ஒரு பாதியைப் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் வாழ்வதால், மணல் அள்ளும்போது கிளம்பும் வண்டல் மூடினாலும், அணைநீர் தேங்கி ஓட்டம் நின்றாலும், இது விலகிப்போக வழியில்லை.

முதல் நன்றி, எங்களைப் பரிசலில் அழைத்துச்சென்ற மீனவப் பெரியவருக்கு. முதல் ஆண்டில், கண்ணில் பட்ட ஓடுகளையெல்லாம் உயிருள்ளவை என்றே எழுதிவைத்தோம். அதைக் கவனித்த அவர், எதுவும் சொல்லாமல் இடுப்பளவு நீரில் இறங்கி, என் விரலைப் பிடித்து ஒரு சிப்பியின் விளிம்பில் வைத்தார். லேசாகத் திறந்திருந்த ஓடு சட்டென மூடிக்கொண்டது. அடுத்ததைத் தொட்டேன், அசையவில்லை, உள்ளே மணல்தான் இருந்தது. அதுவரை எழுதியதை அடித்துவிட்டு, மறுநாள் விடியலில் முதல் பாறையிலிருந்து மீண்டும் தொடங்கினோம். ஆண்டுதோறும் அதே பாறைக்குத் திரும்பினால்தான் எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்று சொல்லமுடியும். அவர் வீட்டார் பாறைகளை அழைக்கும் பெயர்களே இன்று எங்கள் பதிவேட்டிலும் இருக்கின்றன. அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால், இம்மடலைக் கன்னடத்தில் நேரில் படித்துக்காட்டுவோம்.

அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை அம்மா, எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து வாருங்கள் என்று வற்புறுத்தினார். நன்னீர்ச் சிப்பி, மட்டி இனங்கள் பலவற்றின் இளம்புழுக்கள் சில காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டியிருந்த பிறகே தனித்து வாழத் தொடங்குகின்றன. மீன் அற்றுப்போன ஆற்றில் முதிர்ந்த சிப்பிகள் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, எல்லாம் நலமென்று நம்மை நம்பவைத்துவிடும். குஞ்சுச் சிப்பிகள் வருகின்றனவா என்பதை அவர் வரைந்துதரும் நீள அட்டவணைதான் எங்களுக்குக் காட்டுகிறது.

பாறைமேல் வைத்து எண்ணுவதற்காகப் பிவிசி குழாயில் அரை மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொடுத்த பிளம்பர் தம்பிக்கும், அனுமதிக் கடிதங்களுக்காக எங்களோடு அலைந்த நண்பர்களுக்கும் நன்றி.

சிவாஜிநகரில் மீன்தொட்டி விற்கும் அண்ணன், வாளியின் அடியை வெட்டிக் கண்ணாடி பதித்து, சிலிக்கோன் பசை பூசித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த வாளி இல்லாமல் நீருக்கடியில் எதையும் தெளிவாகப் பார்த்திருக்க மாட்டோம். அண்ணா, ஓர் ஓரத்தில் இப்போது நீர் கசிகிறது. அடுத்த பயணத்துக்கு முன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறோம்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர், பெங்களூரு