லேப் ரெக்கார்டில் டெஸ்ட்டும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் எந்த புரோகிராமிங் மொழி படித்தால் வேலை கிடைக்கும் என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதின புரோகிராம் கோடு சரியாக ஓடுகிறதா என்று அன்றன்றைக்கே சரிபார்க்கும் பழக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் படித்துவிட்டு ஓசூர் தாண்டி பெங்களூருக்கு இன்டர்வியூ போகிறார்கள். அங்கே யூனிட் டெஸ்டிங் (கோடின் ஒவ்வொரு சின்னப் பகுதியும் சரியான விடை தருகிறதா என்று இன்னொரு குட்டிக் கோடு எழுதிச் சோதிப்பது) என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு மார்க் பதிலை ஒப்பிக்கிறார்கள், ஒன்று எழுதிக் காட்டு என்றால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, லேபில் யாரும் கேட்டதே கிடையாது.

நான் மாங்காய் மண்டிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். 12.5 கிலோ பெங்களூரா ரக மாங்காய், கிலோ 21 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 262.50 வருகிறது. அதை முழு ரூபாயாக்க பைத்தான் 3-ல் ரவுண்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 263 தராது, 262தான் தரும். 263.50 கொடுத்தாலோ 264 என்று சொல்லும். சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் விதி. மண்டிக்காரரிடம் போய் விதி பேச முடியுமா? ஐம்பது பைசா எங்கே என்பார். 262.50-க்கு 263 வர வேண்டும் என்று இரண்டு வரியில் ஒரு டெஸ்ட் இருந்தால், கோடு எழுதின கையோடு சிவப்பில் காட்டிவிடும், சீசன் நடுவில் போன் வராது.

நேரமில்லை என்பார்கள். எப்படியும் கோடில் ஒரு பிரிண்ட் வரி போட்டு, திரையில் வரும் விடையைக் கண்ணால் பார்த்து, அப்புறம் அந்த வரியை அழிக்கத்தானே செய்கிறோம்? அதே எண்களை பைடெஸ்ட் என்ற பைத்தான் டெஸ்ட் கருவியில் ஒரு அசர்ட்டாக, அதாவது 'இந்த விடைதான் வர வேண்டும்' என்கிற வரியாக, எழுதிவிட்டால் நாளைக்கும் அடுத்த வருஷமும் ஓடும். புகார் வந்தால் முதலில் அந்தப் புகாரையே டெஸ்ட்டாக எழுதி, அது ஃபெயில் ஆவதைப் பார்த்துவிட்டுத்தான் கோடில் கை வைக்க வேண்டும். டேட்டாபேஸைத் தொடுகிற மெதுவான டெஸ்ட்டுகளை ராத்திரிக்கு ஒதுக்கிவிடலாம். மற்றவை சில நொடியில் முடியாவிட்டால் யாரும் ஓட்ட மாட்டார்கள், நானும்தான். நூறு சதவீத கவரேஜ், அதாவது கோடின் எல்லா வரியும் டெஸ்ட்டில் ஓடியாக வேண்டும், என்று எண்ணைத் துரத்துவது தனிக் கூத்து, அதை விடுங்கள்.

இதற்குப் பெரிய கம்பெனி, தனி டீம் எல்லாம் வேண்டுமே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: ஜாவாக்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியின் முதல் வடிவத்தை 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டே புரோகிராமர்கள் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டா போகிற விமானத்தில் உட்கார்ந்தே எழுதினார்கள்.

நம் மாவட்டக் கல்லூரிகள் லேப் ரெக்கார்டில் புரோகிராம், அவுட்புட் இரண்டோடு டெஸ்ட்டையும் எழுதச் சொல்லட்டும். பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் ஒரு தப்பான கோடைக் கொடுத்து, அதைப் பிடிக்கிற டெஸ்ட் எழுதச் சொல்லி அதற்கும் மார்க் போடட்டும். உங்கள் பக்கத்திலும் வாரம் ஒரு சின்ன கோடும் அதற்கான டெஸ்ட்டும் வெளியிட்டால் நல்லது. எழுதித் தர நான் தயார்.

ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.